விரல் முளைக்கும் வரை காத்திருக்கலாமா?

மதிப்புக்குரிய அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 33 வயது. சேலம் சிவதாபுரத்தில் மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் இருக்கிறேன். பள்ளியை விட்டதிலிருந்து வெள்ளிப் பட்டறை வேலைதான். கொலுசுக்குப் பொடி போட்டுப் பற்றவைப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. சலங்கை கருகாமல், கண்ணி அடைபடாமல் வரவேண்டுமென்றால் என்னிடம்தான் கொடுப்பார்கள்.

கடந்த ஜூலையில் கம்பி உருட்டும் மெஷினில் வலது கை சிக்கிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. பட்டறைக்காரர் ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அதன் பிறகு என் போனை எடுப்பதில்லை. வீட்டுச் செலவுக்கு என் மனைவி சலங்கை கோர்க்கிறாள். இரவு பதினோரு மணி வரை விளக்கடியில் குனிந்திருப்பாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அந்த மெஷின் ஏன் கையோடு நின்றது என்று சில இரவுகளில் தோன்றும்.

எங்கள் சபையில் எனக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். விசுவாசித்தால் விரல் முளைக்கும் என்று ஒரு மூப்பர் சொன்னார். இல்லாத விரல்களில் எனக்கு இரவில் அரிப்பு எடுக்கிறது, சில நேரம் எரிகிறது. ஜெபக்குழுவில் இதைச் சொன்னபோது, அதுதான் அடையாளம், காத்திருங்கள் என்றார்கள். இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று இருந்தது. பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. எரிச்சல் வந்ததே பாவம் என்று பயமும் வருகிறது.

என் மனைவியின் அண்ணன் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருக்கிறார். அங்கே கணக்கு எழுதும் ரைட்டருக்கு உதவியாள் வேண்டுமாம். மாலையில் பழத்தை எடைபோட்டு, ஆள்வாரியாக நோட்டில் எழுத வேண்டும். வரச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். நான்தான் தள்ளிப்போடுகிறேன். அந்த வேலைக்குப் போனால், கர்த்தர் என் கையைச் சரிசெய்ய மாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? என் மனைவிக்கு என்மேல் கோபம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில், கர்த்தர் எனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னும் சாட்சியாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது?

— ஒரு சகோதரன், சேலம்

*

அன்புள்ள தம்பி,

ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். மெஷின் ஏன் கையோடு நின்றது என்ற வரி. என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. உங்கள் மனைவிக்கு இது தெரியுமா? தெரியாதென்றால் இன்றே சொல்லிவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். எப்போதாவது அந்த எண்ணம் 'எப்படி' என்று திட்டம் போட ஆரம்பித்தால் தனியாக இருக்காதீர்கள். யாரையாவது அழைத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் எலியாவின் கதையை எடுத்துக் காட்டுங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றவர் சாதாரண ஆள் இல்லை, தீர்க்கதரிசி. தூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டார், தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். புறப்பட்டுப் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் ஆலயத்துக்குப் போகிறவள்தான். ஆனாலும் வேதபாடம் நடத்துவது என் தொழில் இல்லை. நீங்கள் வசனத்தைக் கொண்டே உங்களை அடித்துக்கொள்வதால் அதைத் தொட வேண்டியிருக்கிறது.

விரல் அரிப்பைப் பற்றி உங்களிடம் நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. கையோ காலோ விரலோ இழந்தவர்களில் மிகப் பலருக்கு, போன உறுப்பு இன்னும் இருப்பது போன்ற உணர்வு உண்டு. மூளையில் அந்த விரலுக்கென்று இருந்த இடம் அப்படியே இருக்கிறது. விரல் போனதும் அதுவும் போய்விடுவதில்லை. அரிப்பாக, எரிச்சலாக, சிலருக்கு விரல் மடங்கி இறுகிக்கொண்டது போலக்கூடத் தெரியும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு எளிய பயிற்சியைக் கண்டார். ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி வைத்து அசைக்கச் சொல்வது. பலருக்கு வலி தணிந்திருக்கிறது. எல்லாருக்கும் தணியும் என்று சொல்ல முடியாது. பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். எரிச்சலுக்கு மருந்தும் உண்டு. இது பைத்தியமும் இல்லை, விரல் முளைப்பதற்கான முன்னறிவிப்பும் இல்லை. ஜெபக்குழுவில் அப்படிச் சொன்னவர் அன்பினால்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த அன்பு உங்களை ஐந்து மாதம் வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டது.

"விசுவாசி, விரல் முளைக்கும்" என்று சொல்வது எளிது. சொன்னவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். முளைக்காத ஒவ்வொரு காலையும் உங்கள் கணக்கில் அல்லவா ஏறுகிறது!

பீரோ கதவில் இருக்கும் வசனத்துக்கு முந்தைய வசனத்தையும் ஒருமுறை வாசியுங்கள். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று அது தொடங்குகிறது. அப்போஸ்தலன் பவுல் காவலில் இருந்தபோது எழுதிய நிருபம் (கடிதம்) அது. கட்டு அவிழ்ந்துவிடும் என்பதை அல்ல, பட்டினியிலும் நிறைவிலும் தாங்கிக்கொள்வதைத்தான் அவர் பெலன் என்கிறார். தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்த மூப்பரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. எரிச்சலுக்காகவும் பயப்படாதீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்கும் சங்கீதமும் வேதத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பர்கமென்ட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துன்பம் வரும்போது பக்தியுள்ளவர்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்தார்கள். சிலர் கடவுள் தந்த மூளை போதும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்கள். சிலர் எல்லாவற்றையும் அவரிடம் விட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். வேறு சிலர் அவரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். காத்திருப்பவர்களிடம் 'என்னால் முடியும்' என்ற உணர்வு குறைவாகவும், சேர்ந்து செய்பவர்களிடம் கூடுதலாகவும் தெரிந்தது. நம் கையில் ஒன்றுமே இல்லாத நேரத்தில் அவரிடம் விட்டுவிடுவது பெரிய ஆறுதல், அதை நான் மறுக்க மாட்டேன். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த உங்கள் மனைவிக்கு அன்று அதுதான் வழி. எடை போடும் வேலைக்குப் போவதா வேண்டாமா என்பது அப்படிப்பட்ட விஷயம் இல்லை. வேதத்தில் நெகேமியாவின் ஆட்கள் எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலைக் கட்டும்போது எதிரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். காவல் வைத்தது அவநம்பிக்கை என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

உங்களுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இளம் டாக்டராக இருந்தபோது, 1954இல் அவர் பயணம் செய்த வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நிற்கவே முடியாமல் போனது. அங்கே இருந்த டாக்டர் பால் பிராண்ட் நம் பக்கத்துக் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சீர்செய்வதில் உலகத்துக்கு வழிகாட்டியவர். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று மேரியிடம் சொன்னவர் அவர்தான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே மேரி பிறரின் கைகளைச் சரிசெய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். அவருடைய கால்களுக்காக ஜெபித்தவர்களுக்கு வேலூரில் பஞ்சம் இருந்திருக்குமா? கால்கள் கடைசிவரை திரும்பவில்லை. அவரைப் போலச் சாதிக்க வேண்டும் என்று உங்களை நான் விரட்டவில்லை. அவரும் ஆரம்பத்தில் உடைந்துபோனவர்தான். அவருக்கு வேண்டியிருந்தது உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு வேலை. அது ஒருவர் மூலம் வந்தது, அவர் ஏற்றுக்கொண்டார். உங்களுக்கு வந்திருப்பது மைத்துனரின் போன்.

பொடி உருகி ஓடும் கணத்தை நெருப்பின் நிறத்திலேயே கண்டுபிடித்தவர் நீங்கள். அந்தத் தொழில் போனதற்கு அழத்தான் வேண்டும். இதுவரை யாரும் உங்களை அழ விடவில்லை என்றே நினைக்கிறேன். திரும்பக் கிடைக்கப்போகிற பொருளுக்காக யாராவது அழுவார்களா? ஒருநாள் மனைவியோடு உட்கார்ந்து அழுதுவிடுங்கள். அவருடைய கோபத்தில் பாதி, நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வதால் வருவது. இரவில் அவர் கோர்க்கும்போது எதிரே உட்கார்ந்து சலங்கைகளை அளவுவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். இடது கை போதும்.

பட்டறைக்காரர் போனை எடுக்காவிட்டால் அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. வேலையின்போது நடந்த விபத்துக்குச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, கூலி எழுதிய நோட்டு எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். இலவசச் சட்ட உதவி கோர்ட் வளாகத்திலேயே கிடைக்கும். பொற்கொல்லர் நல வாரியத்தில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். எத்தனை சதவீதம் என்பதை மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். பல சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும் என்பதால் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடாதீர்கள். நியாயம் கேட்பது மன்னிக்காமல் இருப்பது ஆகாது. இதையும் சபையில் யாராவது குழப்பக்கூடும்.

சாட்சிக்கு வருவோம். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் 31ஆம் தேதி சொல்ல வேண்டாம். பாஸ்டரை முன்கூட்டியே தனியாகப் பார்த்து, "ஐயா, விரலுக்காக ஜெபித்தது போதும், என் தூக்கத்துக்காகவும் புது வேலைக்காகவும் ஜெபியுங்கள்" என்று கேளுங்கள். நல்ல மேய்ப்பர் என்றால் இதைக் கேட்டு நிம்மதியடைவார். எஸ்டேட்டுக்குப் போகும் வழியில் அற்புதம் நடந்தால் அதைத் தடுக்க எடை மெஷினுக்குச் சக்தி இல்லை.

பெருவிரல் இருக்கிறது, மோதிர விரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. பேனாவை அவற்றின் நடுவே பிடிக்கலாம். கொஞ்சம் தடித்த பேனாவாக வாங்கி, பெயரும் கிலோவும் எழுதிப் பழகுங்கள். முதலில் கோணலாகத்தான் வரும். பிசியோதெரபிஸ்ட் பிடியைத் திருத்தித் தருவார். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் இப்போதுதான் நடக்கிறது. முடிந்தபிறகு எடை போட ஆள் தேட மாட்டார்கள். நாளைக்கே மைத்துனரைக் கூப்பிட்டு மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: கூலி எவ்வளவு, தங்க இடம் உண்டா, பிசியோதெரபிக்குக் கீழே சேலத்துக்கு வந்துபோக வாரத்தில் ஒரு நாள் விடுவார்களா. மூன்றாவதற்கு அவர் தயங்கினால், ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்துவிட்டு வேறொரு நாள் விடுப்பு எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.