நாட்டுப்பற்றும் பிளாட்பாரமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சேலத்துக்காரன். ஆறு வருடமாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரில் வேலை செய்கிறேன். போன மாதம் தங்கை கல்யாணத்துக்கு வந்திருந்தபோது, பேச்சுவாக்கில் ‘அங்கே வாழ்க்கை நிம்மதியாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டேன். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘இந்த மண்ணில் தின்று படித்துவிட்டு இந்த நாட்டையே மட்டம் தட்டுகிறாயா? நாம் நிலவின் தென்துருவத்துக்கே போய்விட்டோம்’ என்றார். நானும் விடாமல் அங்கே உள்ள ரயில், பென்ஷன், மருத்துவக் காப்பீடு என்று அடுக்கினேன். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

அங்கேயும் எல்லாம் சுகமில்லை. ‘உண்மையில் நீ எந்த ஊர்’ என்று கேட்காத ஆளில்லை. பனி பெய்த ஒரு காலையில் கீழ்வீட்டுக் கிழவி கதவைத் தட்டி, இந்த வாரம் வாசல் உன் முறை, ஏன் பனியைத் தள்ளவில்லை என்று கத்தினாள். எங்கள் வீட்டில் என்னைத் துடைப்பத்தைத் தொட விட்டதே இல்லை. அவமானமாக இருந்தது.

நாட்டைப் பற்றிப் பெருமைப்படுவது கடமையா? குறை சொன்னால் பற்றில்லை என்று அர்த்தமா? மகளுக்கு நாலு வயதாகிறது. திரும்பி வந்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளை விட, போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்து போன அந்தப் பனி விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளாகவே மனதில் கிடந்து உறுத்தும் ஒன்றை அது தொட்டுவிட்டது. அதற்கு வருகிறேன்.

முதலில் சித்தப்பா. இன்றைக்கே போன் போட்டு மன்னிப்புக் கேளுங்கள். கல்யாணப் பந்தியிலிருந்து ஒரு பெரியவரை எழுந்து போக வைத்தது தப்பு, உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் தப்பு. சந்திரயானை அவர் செய்யவில்லை, ஜெர்மன் ரயிலை நீங்கள் ஓட்டவில்லை. ஆளுக்கொரு பக்கம் அடுத்தவர் உழைப்பை எடுத்து வைத்துக்கொண்டு மோதியிருக்கிறீர்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை லேண்டர் தரையிறங்கியபோது நானும் அழுதேன். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வேயில் டெக்னீஷியனாக இருந்தவரின் மகன், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து மேலே வந்தவர். அப்படி ஒரு வீட்டுப் பையன் அங்கே போய் நிற்க இந்த நாட்டில் ஒரு வழி இருந்திருக்கிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு. உங்கள் சித்தப்பா மனதில் இருந்ததும் அதுவாக இருக்கலாம், பொறுமையாகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பெருமை கடமையா என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள், அது வந்தால் வரும். ‘நீ எந்த ஊர்’ என்று கேட்பவர்களைப் பற்றியும் நான் பேசப் போவதில்லை. வீடு பார்க்கப் போனால் ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று விசாரித்துவிட்டுச் சாவியைக் கொடுக்கும் ஆட்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு அதைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அந்த அம்மா. அவரைக் கிழவி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் படித்ததும் உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் இருக்கும் பகுதியில் அந்த வழக்கத்துக்குக் ‘கேர்வோஹ’ என்று பெயர், பெருக்கும் வாரம். ஒரு கட்டடத்தில் இருப்பவர்கள் முறை வைத்துப் படிக்கட்டையும் வாசல் நடைபாதையையும் பெருக்குவார்கள். பனிக்காலத்தில் வாசல் முன்னால் இருக்கும் நடைபாதையில் பனியை அகற்றுவதும் பெரும்பாலும் அந்தக் கட்டடத்துக்காரர்கள் பொறுப்பு. அகற்றாமல் விட்டு யாராவது வழுக்கி விழுந்தால் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். ஆறு வருடம் அங்கே இருந்தும் இதை உங்களை மட்டம் தட்டுகிற வேலை என்று நினைத்திருக்கிறீர்கள்! அந்த அம்மாவுக்கு ஒரு எழுபது, எழுபத்தைந்து இருக்குமா? அந்த வயதில் ஒரு தடவை விழுந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த கிளை நூலகத்துக்கு நடந்து போவார். பேப்பர் வீட்டுக்கே வரும், ஆனாலும் போவார். அங்கே அவரைப் போல ஓய்வு பெற்ற நாலு பேர் வருவார்கள். ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு, சத்தமாகப் பேசி நூலகரிடம் திட்டு வாங்கி, வெளியே வந்து டீ குடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு வீடு திரும்புவார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அப்பா சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டார்.

லேசாகப் பக்கவாதம் வந்து வலது கால் இழுக்க ஆரம்பித்த பிறகும் கைத்தடியோடு போனார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். அன்றைக்கு எண்ணினேன். அந்த அரை கிலோமீட்டரில் பதினேழு தடவை பிளாட்பாரத்திலிருந்து ரோட்டில் இறங்கி, மறுபடி ஏறினார். கார் ஏறுவதற்கு வீட்டுக்காரர்கள் போட்ட ராம்ப், உடைந்து உள்ளே தொங்கும் சாக்கடை சிலாப், டிரான்ஸ்பார்மர், கடைக்காரர் வெளியே எடுத்து வைத்த பிரிட்ஜ், வரிசையாக நிறுத்திய பைக்குகள், யாரோ வீடு கட்ட இறக்கிய ஜல்லி. சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலை காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-இல் திருத்தி வெளியிட்ட ஐஆர்சி 103 என்ற விதிமுறை, நடைபாதையில் தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. எங்கள் தெருவில் சில இடங்களில் முழங்காலுக்கு வரும். கால் இழுக்கும் ஒருவருக்கு அது சுவர்தான், ஏறத் தெம்பில்லாமல் ரோட்டிலேயே நடந்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

அந்தப் பதினேழில் ஒன்று கொடிமேடை. குடியிருப்போர் நலச் சங்கத்தில் பணம் வசூலித்து, பிளாட்பாரத்தின் முழு அகலத்தையும் அடைத்து, டைல்ஸ் ஒட்டி, மூன்று படி வைத்துக் கட்டியது. தெருவில் மூத்தவர் என்று ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் அப்பாவைத்தான் கொடியேற்றக் கூப்பிடுவார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போவார். டிவியில் தேசிய கீதம் போட்டால்கூட தடியை ஊன்றி எழுந்து நிற்கிற மனிதர். அன்றைக்கு அந்த மேடையைச் சுற்றி ரோட்டில் இறங்கியவர் நடுவில் நின்று, கம்பத்தை அண்ணாந்து பார்த்து, ‘இதை நான் முன்ன நின்னுதான் கட்டினோம்’ என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து, அப்படி இறங்கிய ஒரு இடத்தில் பைக் ஹேண்டில்பார் தட்டி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் அதன் பிறகு மூன்று வருடம் அவர் தெருவில் காலை வைக்கவில்லை, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நூலக நண்பர்கள் இரண்டு தடவை வந்து பார்த்தார்கள், அப்புறம் அவர்களாலும் வர முடியவில்லை. சட்டை இஸ்திரிக்குப் போயிற்றா என்று கேட்பதை நிறுத்திவிட்டார். இதயம் நின்று போனார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். என் மனம் இன்னும் அதை ஒப்பவில்லை.

2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர். 1999 கார்கில் போரில் நாம் இழந்த வீரர்கள் 527 பேர். அவர்களுடைய தியாகத்தை எதோடும் எடை போட எனக்கு உரிமை கிடையாது, போடவும் இல்லை. ஆனால் அவர்களை நினைத்து ஒவ்வொரு ஜூலையிலும் தலை குனியும் நாம், ஆறே நாளில் அத்தனை பேரை நம் தெருக்களிலேயே சாகக் கொடுத்துவிட்டு, மாவு வாங்கப் போனவர், ஸ்கூலுக்குப் போன பிள்ளை என்று உள்பக்கத்தில் நாலு வரி படித்துவிட்டுத் தாளைத் திருப்புகிறோம். அப்பாவைப் போல மூன்று வருடம் கழித்து ஜன்னலோரத்தில் முடிந்து போகிறவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பொது இடங்களில் இருக்கும் கட்சிக் கொடிக்கம்பங்களை எடுக்கச் சொன்னது. அதே வருடம் மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள் வருகிறது என்றது. சரி, வீட்டு வாசலில் இருக்கிற ராம்ப்பை எடுப்பது யார்? அன்றைக்கு அப்பா இறங்கிய பதினேழு இடங்களில் முதலாவது எங்கள் வீட்டு வாசல். கார் வாங்கியவனும் நான், ராம்ப் போட்டவனும் நான். அவர் விழுந்த மறுவாரம் கொத்தனாரைக் கூப்பிட்டு அதை இடித்து, சரிவை கேட்டுக்கு உள்ளே மாற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் ‘நீங்க ஒருத்தர் இடிச்சு என்ன சார் ஆகப்போகுது’ என்றார். ‘நாலடி நடக்கலாம்’ என்றேன். அவர் இன்னும் இடிக்கவில்லை.

குறை சொல்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊர் நடைபாதைகளில் பித்தளைத் தகடு பதித்த சின்னச் சின்னக் கற்கள் இருக்குமே, பத்து சென்டிமீட்டர் சதுரம், பார்த்திருக்கிறீர்களா? இடறும் கல் என்று பெயர். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் ஆரம்பித்தது, 2023-இல் ஒரு லட்சத்தைத் தொட்டது. நாஜிகள் கொண்டுபோய்க் கொன்றவர்களின் வீட்டு வாசலில், ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி, பெயர், பிறந்த வருடம், எங்கே கொண்டுபோனார்கள் என்பதுவரை பொறித்திருப்பார்கள். அந்தத் தெருக்காரர்களே மண்டியிட்டு அதைத் துடைத்துப் பளபளப்பாக்குவதுண்டு. 1941 டிசம்பர் 1 அன்று ஸ்டுட்கார்ட்டிலிருந்து யூதர்களை ஏற்றிக்கொண்டு ரயில் லாட்வியாவில் இருக்கும் ரீகாவுக்குக் கிளம்பியதே, அன்றைக்கும் அந்த வாசல்களையெல்லாம் முறை வைத்துச் சுத்தமாகப் பெருக்கித்தான் இருந்திருப்பார்கள். அதனால் ஜெர்மனியை நீங்கள் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். ஆனால் தாத்தா செய்த பாவத்தைப் பேரன் தன் வாசலிலேயே எழுதி வைக்கிறான், வந்தவன் போனவன் எல்லாம் படிக்கட்டும் என்று. அவனுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று சித்தப்பா சொல்வாரா? மன்னிப்புக் கேட்ட பிறகு மெதுவாக இதைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த பனிக்கு அந்த அம்மாவின் முறை வந்தால் அவருக்கும் சேர்த்து நீங்களே தள்ளிவிடுங்கள்.

திரும்பி வருவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசுவோம். அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை சேலம் வரும்போது, அம்மா வழக்கமாகப் போகும் கோயிலுக்கோ காய்கறிக் கடைக்கோ அவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு நடந்து போங்கள், ஆட்டோ வேண்டாம். மூன்று பேர் சேர்ந்து நடக்க இடம் இருக்காது, அம்மாவை முன்னால் விட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வாருங்கள். அம்மா எத்தனை தடவை ரோட்டில் இறங்கினார் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அதில் முதலாவது உங்கள் வீட்டு வாசலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.