ஆம்ஸ்டர்டாம் அருகே கிராமப்புறத்தில் வழிகாட்டியுடன் ஒரு நாள் சைக்கிள் பயணம்: பணம் கொடுத்துப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் வழி கண்டுபிடிப்பதற்காக என்றால் வேண்டாம்.

மே மாதம் சில நாள்கள் ஆம்ஸ்டர்டாமில் தங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் மனைவியும் கல்லூரிக் காலத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை, இருவரும் சைவம், செல்போனில் வரைபடம் இருக்கும்போது வழிகாட்டிக்கு எதற்குத் தண்டச்செலவு என்பது உங்கள் கேள்வி. நான் இந்த ஊரில் குடியிருப்பவன். வீட்டுக்கு வரும் உறவினர்களைச் சில முறை தனியாக அனுப்பியிருக்கிறேன், சில முறை வழிகாட்டியோடு நானும் சேர்ந்து போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நெதர்லாந்தின் கிராமப்புறத்தில் சைக்கிளில் வழி தவறுவதற்குத் தனித்திறமை வேண்டும். சைக்கிள் பாதைகள் கூடும் சந்திப்புகளுக்கெல்லாம் எண் கொடுத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். போக வேண்டிய எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்கு அம்புக்குறியே கூட்டிப் போகும். பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் 1995-இல் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சந்திப்புகளுக்கு எண் போடும் வழக்கத்தைத்தான் அவர் தரைக்கு மேலே கொண்டுவந்தார். ஆகவே வரைபடம் விஷயத்தில் நீங்கள் நினைப்பது சரி.

வழிகாட்டி தேவைப்படுவது வேறொன்றுக்கு. அந்த நிலத்தைப் பார்த்தால் நமக்கு ஒன்றும் புரியாது. பச்சைப்புல், மாடு, வாய்க்கால், மறுபடியும் பச்சைப்புல். அரை மணி நேரத்தில் அலுத்துப்போய், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவோம். தனியாக அனுப்பிய என் உறவினர்கள் அப்படித்தான் திரும்பி வந்தார்கள். நிலத்தைப் படித்துக் காட்ட ஒருவர் கூட இருந்தால் அதே புல்வெளி வேறாகிவிடுகிறது.

நான் சொல்வது நகரத்துக்கு வடக்கே இருக்கும் வாட்டர்லண்ட் பகுதியை. மத்திய ரயில் நிலையத்தின் பின்வாசலில் எய் நீர்ப்பரப்பு. அதைக் கடக்கும் படகுக்கு டிக்கெட் கிடையாது. சைக்கிளோடு ஏறிச் சில நிமிடங்களில் அக்கரையில் இறங்கிவிடலாம். இதில் இன்னொரு சௌகரியம், நகர மையத்தின் டிராம் தண்டவாளங்களிலிருந்து தப்பித்துவிடுவீர்கள். பழக்கம் விட்டுப்போனவர்களைக் கீழே தள்ளுவதில் அந்தத் தண்டவாளங்களுக்கு இணை இல்லை.

அக்கரையில் பழைய கடலணை மேலேயே பாதை போகும். டுர்கர்டாம் என்ற ஊர் அந்தக் கரையோடு ஒட்டிக்கொண்டு ஒற்றை வரிசையாக நீள்கிறது: ஒரு பக்கம் மரவீடுகள், மறுபக்கம் தண்ணீர். அதைத் தாண்டியதும் கரை காரணமே இல்லாமல் வளையும், நேராகும், மறுபடி வளையும். நாங்கள் போனபோது வழிகாட்டி சைக்கிளை நிறுத்தி, ஏன் நேராகப் போட்டிருக்கக் கூடாது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவும் ஒரு பழைய உடைப்பு. கரை உடையும்போது வெள்ளம் அந்த இடத்தில் ஆழக் குடைந்துவிடும். குடைந்த பள்ளத்தை நிரப்ப முடியாமல் அதைச் சுற்றிப் புதுக்கரை போட்டார்கள். பள்ளம் குளமாகத் தங்கிவிட்டது. அருகிலுள்ள கின்ஸல்மேர் ஏரியே அப்படி உடைப்பில் பிறந்ததுதான். அதற்குப் பிறகு வளைவு வரும்போதெல்லாம் குழுவில் யாராவது ஒருவர் இடது பக்கமோ வலது பக்கமோ குளத்தைத் தேட ஆரம்பித்துவிட்டோம்.

இன்னொரு இடம் ப்ரூக் என்ற ஊருக்குப் பக்கத்தில். அங்கே 1620-களில் ஓர் ஏரியை இறைத்து வயலாக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் வட்டக்கரை, கரையை ஒட்டி வட்டக்கால்வாய். நம் ஊர் ஏரிக்கரையில் நின்று ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் தாழ்ந்த வயலையும் பார்த்திருப்பீர்கள். இங்கே ஏரி இருந்த இடம்தான் வயல், தண்ணீர் வெளியே சுற்றி ஓடுகிறது. கரை மேல் நின்றால் வலப்பக்கம் வாத்து நம் காலடி உயரத்தில் நீந்துகிறது. இடப்பக்கம் மாடு அந்த நீர்மட்டத்துக்கு ஆளுயரத்துக்கும் கீழே மேய்கிறது. வாத்து மேலே, மாடு கீழே. கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள நாடு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அங்கேதான் எனக்கு உறைத்தது.

ஏரியாக இல்லாத நிலமும் ஏன் இவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது என்பதையும் கேளுங்கள். அது மட்கிய தாவரங்கள் சேர்ந்து உண்டான கரிச்சேற்று நிலம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குடியேறியவர்கள் பயிர் வைக்க வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். வடிந்ததும் மண் காற்றுப் பட்டு மக்கி, சுருங்கி, இறங்கியது. இறங்கியதால் மறுபடி ஈரம், மறுபடி வடிகால், மறுபடி இறக்கம். கடைசியில் தானியம் விளையாத அளவுக்கு ஈரமாகி, புல்லும் மாடும் பாலாடைக்கட்டியும்தான் மிஞ்சின. சுற்றுலாப் படங்களில் வரும் அந்த அழகான புல்வெளி, தோற்றுப்போன உழவின் மிச்சம். இன்றைக்கும் நிலம் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நீர்மட்டத்தை எவ்வளவு வைப்பது என்று விவசாயிகளுக்கும் மற்றவர்களுக்கும் தகராறும் ஓயவில்லை. அதைத் தீர்மானிக்கும் நீர் வாரியங்களுக்கு இங்கே தனித் தேர்தலே நடக்கிறது.

நீங்கள் வருவது மே மாதம் என்பதால் பறவைகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள். நீண்ட அலகோடு வேலிக் கம்பத்தின் மேல் நின்று சத்தமாகக் கத்தினால் அது கருவால் மூக்கன். நெதர்லாந்தின் தேசியப் பறவை. குளிர்காலத்தில் பழவேற்காட்டிலும் பள்ளிக்கரணையிலும் நாம் பார்ப்பது இதே இனம்தான், ஆனால் இங்குள்ளவை பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் போய்விடும். புல்லுக்குள் தரையிலேயே முட்டையிடுவதால், குஞ்சுகள் பறக்கும்வரை புல் அறுக்காமல் தள்ளிப்போட்டு அதற்கு ஈட்டுத்தொகை வாங்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். புல் இடுப்பளவு வளர்ந்த வயலைக் கண்டால் சோம்பேறி விவசாயி என்று நினைத்துவிடாதீர்கள்.

முழுநாள் பயணங்கள் சில மார்கென் வரை போகும். 1957 வரை அது தீவு. பிறகுதான் கரை போட்டுச் சாலையோடு இணைத்தார்கள். வீடுகள் மேடுகளின் மேல் நெருக்கியடித்து நிற்கும். மேட்டில் இடம் போதாமல் போனபோது தூண்களின் மேல் கட்டினார்கள். 1916 ஜனவரிப் புயலில் கடல் ஏறியபோது இந்தச் சின்னத் தீவில் மட்டும் 16 பேர் இறந்தார்கள். அந்த வெள்ளம்தான் கடலின் வாயையே அடைத்துவிடும் திட்டத்துக்கு உந்துதல். 1918-இல் சட்டம் வந்தது, 1932-இல் 32 கிலோமீட்டர் நீள அடைப்பணை முடிந்தது, உப்புக்கடல் மெல்ல நன்னீர் ஏரியானது. மார்கென் கரையில் நின்று பார்ப்பது அந்த முன்னாள் கடலைத்தான். மீன்பிடித் தொழில் போயிற்று, சுற்றுலா வந்தது. ஊர் நடுவில் இருக்கும் நினைவுப்பொருள் கடைகளைத் தாண்டிக் கலங்கரை விளக்கம் வரை போய்வந்தால் மனம் நிறையும்.

காற்றாலை பார்த்தே தீர வேண்டும் என்றால் இந்தப் பாதை ஏமாற்றும். அதற்கு ஸான்சே ஸ்கான்ஸுக்கு ரயிலில் போய்விடுங்கள், இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும்.

இனி உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். சைக்கிள் மறக்காது. மேடு பள்ளம் கிடையாது. ஆனால் காற்று உண்டு, அதுதான் இந்த நாட்டின் மலை. ஆண்டின் பெரும்பகுதி தென்மேற்கிலிருந்து அடிக்கும். மார்கென் இருப்பதோ நகரத்துக்கு வடகிழக்கே. காலையில் முதுகில் காற்று தள்ளிக்கொண்டு போகும்போது நாம் இவ்வளவு நன்றாக ஓட்டுகிறோமே என்று தோன்றும். திரும்பும்போதுதான் கணக்குத் தீர்க்கப்படும். எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே தேசியப் போட்டி நடத்தும் நாடு இது, அதுவும் கியர் இல்லாத சைக்கிளில். நல்ல வழிகாட்டி காலையில் காற்றுத் திசையைப் பார்த்துவிட்டு, உடம்பில் தெம்பு இருக்கும்போதே எதிர்க்காற்றை முடிக்கும்படி சுற்றை மாற்றிப் போடுவார். இந்த ஒரு காரணத்துக்கே பணம் கொடுக்கலாம் என்பது என் முழங்காலின் கருத்து.

இந்த ஊர் சைக்கிள் உயரமானது. கால் தரையில் எட்டுகிறதா என்று புறப்படும் முன்பே ஏறிப் பார்த்து, இருக்கையை இறக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். பல சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். நமக்கோ பெடலைச் சும்மா பின்னால் சுற்றும் பழக்கம். சுற்றினால் சட்டென்று நின்றுவிடும். கைப்பிரேக் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். வண்டி வலப்பக்கம் ஓடும் நாடு என்பதும் நினைவில் இருக்கட்டும். பாதையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாகத் தெரிந்து, அவற்றின் கூர்முனை உங்களைப் பார்த்திருந்தால் குறுக்கே வருபவருக்கு வழி விட வேண்டியவர் நீங்கள். ஓட்டிக்கொண்டே செல்போனைக் கையில் எடுத்தால் 2019 முதல் அபராதம். உங்கள் மனைவி சேலையோ சுடிதாரோ எதில் வந்தாலும் கவலையில்லை; சங்கிலிக்கு முழு மூடியும் பின்சக்கரத்துக்குத் துணி மாட்டாத காப்பும் இங்கே சாதாரணம்.

சாப்பாடு: பண்ணைகளில் பாலாடைக்கட்டியைச் சுவை பார்க்கக் கொடுப்பார்கள். பாலை உறைய வைக்கப் பெரும்பாலும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்ப்பார்கள். கண்டிப்பான சைவம் என்றால் கேட்டுவிட்டு வாயில் வையுங்கள். பேன்கேக்கிலும் ஆப்பிள் பையிலும் முட்டை இருக்கும். பட்டாணி சூப் என்று பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பன்றி இறைச்சி போட்டே செய்வது வழக்கம். முட்டையும் கூடாது என்றால் புளியோதரை கட்டிக்கொண்டு போவதே உத்தமம். கரையோரப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எல்லாப் பயணமும் நான் சொன்னபடி இருக்காது. ஒரு நிறுவனத்தோடு போனபோது இருபது பேருக்கு மேல் சேர்த்துவிட்டார்கள். வழிகாட்டி முன்னால் பறந்தார், கடைசியில் வந்த நாங்கள் சேர்வதற்குள் கதையைச் சொல்லி முடித்துவிட்டுப் புறப்பட்டார். அதைவிடத் தனியாகப் போயிருக்கலாம். ஆகவே முன்பதிவுக்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: அதிகபட்சம் எத்தனை பேர், மொத்தம் எத்தனை கிலோமீட்டர், சைக்கிள் வாடகையும் சாப்பாடும் கட்டணத்தில் சேர்ந்ததா, மழை பெய்தால் என்ன ஏற்பாடு. பத்துப் பேருக்குள் என்றால் சரி. மார்கென் வரை போய்த் திரும்பினால் 40 கிலோமீட்டரைத் தாண்டும். உங்கள் இருவருக்கும் அது அதிகம். டுர்கர்டாம், ரான்ஸ்டோர்ப், ப்ரூக் என்று சுற்றிவரும் சிறிய சுற்றை எடுத்துக்கொண்டு, மார்கெனுக்கு இன்னொரு நாள் பஸ்ஸில் போய்விடுங்கள். மழைச்சட்டை மே மாதத்திலும் பையில் இருக்கட்டும். குடை பிடித்துக்கொண்டு ஓட்டும் உள்ளூர்க்காரர்களைப் பார்த்து நீங்கள் முயல வேண்டாம்.