இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கினால் வளர்ச்சி ஹார்மோன் சுரக்காதா?

கேட்டவர் ஜிம்முக்குப் போகிற ஆளாகத்தான் இருக்க வேண்டும். ராத்திரி 10 முதல் 2 வரை தூங்காவிட்டால் அந்த ஹார்மோன் அவ்வளவுதான் என்று யாரோ மாஸ்டர் கிளப்பிவிட்டிருப்பார். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள்.

மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒட்டன்சத்திரம் லோடு இறங்குவது நடுராத்திரி. வீட்டுக்கு வந்து நான் படுக்கும்போது காலை 8 மணி. தூங்கா நகரம் என்று பெருமை பேசுகிறவர்கள் எல்லாம் 10 மணிக்கே படுத்துவிடுகிறார்கள், அது வேறு விஷயம்.

38 வயதில் தொப்பையைக் குறைக்க ஜிம்மில் சேர்ந்தேன். மாஸ்டர் பேச்சைக் கேட்டு ஒருநாள் காலை 11 மணிக்கு லேபில் வளர்ச்சி ஹார்மோனுக்கு ரத்தம் கொடுத்தேன். அளவு 0.1-க்கும் கீழே. மாஸ்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று விலையும் சொன்னார். இரண்டு நாள் பகல் தூக்கமும் போயிற்று. அக்கா வீட்டுக்காரர்தான், "மாப்ள, முதல்ல டாக்டரைப் பாரு" என்று இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை விட்டுவிட்டுத்தான் கொட்டுமாம். கொட்டியதும் 20 நிமிடம் போல ஆனால் பாதி காலி. இடைப்பட்ட நேரத்தில் ரத்தம் எடுத்தால் யாருக்கும் அளவு கீழேதான் காட்டும். அதற்குப் பதிலாக, இந்த ஹார்மோன் தூண்டிப் பெரும்பாலும் கல்லீரலில் உண்டாகி நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளின் அளவைப் பார்க்கச் சொன்னார். என் வயதுக்குச் சரியாகவே இருந்தது.

விஷயம் இதுதான். ஆண்களுக்குப் பெரிய சுரப்பு வருவது படுத்த பிறகு வரும் முதல் ஆழ்ந்த தூக்கத்தில். தூக்கம் தள்ளிப்போனால் அந்தச் சுரப்பும் தள்ளிப்போகும் என்பதை 1968-இலேயே கண்டுவிட்டார்கள். காலை 8 மணிக்குப் படுத்தால் அப்போது வரும். ஒரு ராத்திரி முழுக்க விழித்து, பகலிலும் தூங்காமல் இருந்தால்தான் அந்தச் சுரப்பு விட்டுப்போகும். அப்போதும் அந்தப் பகலில் சின்னச் சின்னதாக வந்து கணக்கைப் பெரும்பாலும் நேர் செய்துவிடும். பெண்களுக்குப் பகலிலேயே அடிக்கடி சுரப்பதால் இரவுச் சுரப்பையே அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறைகிறது, ஹார்மோனும் கூடவே குறைகிறது. அதற்கு மார்க்கெட்டைக் குறை சொல்ல முடியாது.

உடம்பை விழிப்பாக வைக்கும் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன்தான் தொல்லை. அது பெரும்பாலும் உடம்பின் கடிகாரத்தைக் கேட்டு விடிகிற நேரத்தில் ஏறி நிற்கும். நாம் அப்போதுதான் படுக்கிறோம். பகல் தூக்கம் பாதியில் கலைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டாக்டர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இரவு வேலை உடம்புக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை, இதயம் எல்லாவற்றுக்கும் அபாயம் கூடும் என்பது தெரியும். ஆனால் அந்த ஊசி மட்டும் வேண்டாம். தேவையில்லாமல் போட்டால் அதுவே சர்க்கரையை ஏற்றும், மூட்டுவலியும் வீக்கமும் தரும்.

ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் முன்னாலேயே கட்டி மூன்றே மாதத்தில் நின்றுவிட்டேன். மீதியைக் கேட்டால் ரூல்ஸ் பேசுகிறார்கள். ஹார்மோனைப் பற்றி அவ்வளவு அக்கறை, என் பணத்தைப் பற்றி இல்லை.

இப்போது ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, காலிங் பெல்லையும் கழற்றி வைத்துவிட்டேன். கீரைக்காரம்மா மட்டும் 10 மணிக்குக் கூவுகிறார். அவரும் ராத்திரி எங்கள் மார்க்கெட்டில் கண்விழித்தவர்தான், என்ன சொல்வது.