ஆன்லைன்ல வாங்குன பழைய லேப்டாப், பேக்கிங் சரியில்லாம அடிபட்டு வந்துருக்கு, செல்லர் கூரியர் தப்புங்கறாரு. என்ன பண்ணலாம்? (கோத்தகிரி)

அத ஒத்துக்காதீங்க, பேக்கிங் சரியில்லாம அடிபட்டு வந்தா கடைக்காரர் கூரியர் மேல பழி போட்டு தப்பிக்க முடியாது. எனக்கு குன்னூருக்கு ஒரு பழைய மானிட்டர் வந்துச்சு, பிஸ்கட் அட்டைப்பெட்டி, உள்ள ரெண்டு நியூஸ்பேப்பர் அவ்ளோதான், மேட்டுப்பாளையத்துல இருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றதுக்குள்ள உள்ளுக்குள்ளயே உருண்டு, பேனல் மூலையில சிலந்தி வலை மாதிரி கீறல். பிரிக்கறப்பவே லேபிள் தெரியற மாதிரி வீடியோ எடுத்து வச்சதால தப்பிச்சேன்.

நீங்க வீடியோ எடுக்கலன்னாலும் பரவால்ல, பெட்டி, பபிள் ரேப், பில் எதையும் தூக்கிப் போடாதீங்க (அடுப்பு பத்த வைக்க அட்டை நல்லாத்தான் இருக்கும், இருந்தாலும்). நசுங்குன மூலைய கிட்டக்க போட்டோ எடுத்து இன்னிக்கே எழுத்துல கம்ப்ளைன்ட் போடுங்க, போன்ல பேசுறது கணக்குல வராது. 2020 இ-காமர்ஸ் (ஆன்லைன் விற்பனை) விதிப்படி விக்கறவங்க 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதா சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். மசியலன்னா 1915க்கு (தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்) போன் பண்ணுங்க, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்கு குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது. ஆனா கடை இல்லாம தனி ஆள் தன் சொந்த லேப்டாப்ப வித்திருந்தா இந்த வழி கஷ்டம்.

பெட்டி ஜில்லுனு ஈரமா வந்திருந்தா உடனே ஆன் பண்ணாதீங்க, உள்ள நீர் கோத்திருக்கும், ஒரு ராத்திரி ரூம்ல கிடக்கட்டும்.