ஹெச் பைலோரி இருந்தால் பெருங்குடல் கேன்சர் வருமா?

காசிமேட்டிலிருந்து 48 வயது வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நெஞ்செரிச்சலுக்கு எண்டோஸ்கோபி எடுத்ததில் ஹெச் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி பாசிட்டிவ். 14 நாள் மாத்திரையில் 6 நாள்தான் சாப்பிட்டேன். வாயில் இரும்பை வைத்த மாதிரி கசப்பு, மலமும் கறுப்பாகப் போனது, பயந்து நிறுத்திவிட்டேன். இந்தக் கிருமியால் பெருங்குடலிலும் கேன்சர் வருமாமே, பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி எடுக்கணுமா? (மூலம் வேறு இருக்கிறது, அவ்வப்போது ரத்தம் படும்.)"

எடுக்கணும். ஆனால் கிருமிக்காக இல்லை, கடைசியில் பிராக்கெட்டுக்குள் ஒளித்து வைத்தீர்களே, அந்த ரத்தத்துக்காக.

முதலில் கிருமி. இரைப்பைப் புற்றுநோய்க்கு இது ஒரு காரணம் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே சொல்லிவிட்டது, அதில் சந்தேகம் இல்லை. பெருங்குடல் கதை அவ்வளவு உறுதியானது இல்லை. அமெரிக்காவில் ராணுவத்தில் இருந்த 8 லட்சத்துக்கும் அதிகமானோரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2024-ல் வந்தது. கிருமி இருந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். 18 சதவீதம் பேருக்கு கேன்சர் வரும் என்று படித்துவிடாதீர்கள்! கிருமி இல்லாத கூட்டத்தில் 100 பேருக்கு வந்தால், அதே அளவு கூட்டம் கிருமியோடு இருந்தால் 118 பேருக்கு, அவ்வளவுதான். பதிவுகளைப் பார்த்துச் சொன்னது என்பதால் கிருமிதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, சிகரெட், சாப்பாடு என்று பின்னால் வேறு விஷயங்களும் இருக்கலாம். ஆனால் அதே ஆய்வில் சிகிச்சை எடுக்காதவர்களுக்கு, எடுத்தவர்களைவிட ஆபத்து 23 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதனால்தான் அந்த 6 நாள் விஷயம் எனக்கு உறுத்துகிறது.

பாதியில் விட்டால், பிழைத்த கிருமி அந்த ஆன்டிபயாடிக்குக்குப் பழகிப்போகலாம். மிச்ச மாத்திரையை இப்போது எடுத்து விழுங்காதீர்கள், மெடிக்கல் ஷாப்பில் சீட்டைக் காட்டி அதையே மறுபடி வாங்கவும் வேண்டாம். பழைய சீட்டோடு டாக்டரைப் பாருங்கள், வேறு மருந்துக் கூட்டு தருவார். கசப்பு பெரும்பாலும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் தருவது, அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் சரக்கு கூடவே கூடாது. மலம் கறுத்தது மருந்தில் பிஸ்மத் என்ற உலோகச் சேர்மம் இருந்ததால் இருக்கலாம், மாத்திரை முடிந்தால் சரியாகிவிடும். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் மட்டும் அன்றைக்கே ஓடுங்கள், அது உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம்.

கோர்ஸ் முடிந்து 4 வாரம் கழித்து கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யணும், அதற்கு 2 வாரம் முன்பே பான்டோபிரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் கேஸ் மாத்திரையை நிறுத்திவிடணும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது, கிருமி செத்த பிறகும் அது பாசிட்டிவ் என்றே காட்டும்.

இப்போது அந்த மூலம். யார் பார்த்துச் சொன்னது மூலம் என்று? நம்ம ஏரியாவில் ரத்தம் பட்டால் பைல்ஸ், களிம்பு வாங்கிப் போடு, காரத்தைக் குறை என்று முடித்துவிடுகிறார்கள். உண்மையிலேயே மூலமாகவே இருந்தாலும், மேலே ஒரு கட்டி இருக்காது என்று அது உத்தரவாதம் தராது. மலம் கழிக்கும் பழக்கம் மாறியதா, எடை குறைந்ததா, ஹீமோகுளோபின் எவ்வளவு, கூடப் பிறந்தவர்களுக்கோ பெற்றோருக்கோ பெருங்குடல் கேன்சர் இருந்ததா, இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே குடல் நோய்ப் பிரிவு இருக்கிறது, ரொம்ப தூரம் போக வேண்டாம். அப்புறம், கொலனோஸ்கோபிக்கு முந்தின நாள் மீன் குழம்பு கிடையாது, இளநீரும் பேதி மருந்தும்தான்.