காலிக் கட்டத்தில் என்ன எண் போடுவது?

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க ஆசை. யு.எஸ். நியூஸ், ஃபைனான்ஷியல் டைம்ஸ், ப்ளூம்பெர்க் வெளியிடும் எம்.பி.ஏ. கல்லூரித் தரவரிசைப் பட்டியல்களை எக்செலில் போட்டுச் சராசரி எடுத்தேன். ஒன்றின் தவறை மற்றொன்று சரிசெய்துவிடும் அல்லவா? ஒரு பட்டியலில் கல்லூரியின் பெயர் இல்லாத இடத்தில் 100 என்று நிரப்பினேன். இன்சியாட் கல்லூரி எப்படி இவ்வளவு கீழே போனது என்றுதான் புரியவில்லை. தாளை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

இன்சியாடைக் கீழே தள்ளியது நீங்கள் போட்ட 100தான். யு.எஸ். நியூஸ் அமெரிக்கக் கல்லூரிகளை மட்டுமே வரிசைப்படுத்துகிறது. பிரான்சில் இருக்கும் கல்லூரி அதில் எப்படி வரும்? ப்ளூம்பெர்க்கோ அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தனித்தனிப் பட்டியல் வெளியிடுகிறது. அங்கே மூன்றாவதையும் இங்கே மூன்றாவதையும் ஒரே பத்தியில் வைத்திருக்கிறீர்கள்.

அமெரிக்காவின் வார்ட்டன் கல்லூரி கதை இன்னும் வேடிக்கை. 2022இல் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பட்டியலில் அதற்கு முதலிடம். 2023இல் பெயரே இல்லை. காரணம், பழைய மாணவர்களில் போதுமான பேர் கேள்வித்தாளுக்குப் பதில் அனுப்பவில்லை. 2024இல் மறுபடியும் முதலிடம். 2023இல் உங்கள் தாளைப் போட்டிருந்தால் வார்ட்டனுக்கும் 100 விழுந்திருக்கும்.

நாலு பேர் ஒரே நிலத்தை அளந்தால் சராசரி எடுக்கலாம். ஒருவர் நிலத்தையும் இன்னொருவர் கிணற்றையும் அளந்திருந்தால் எதைக் கூட்டி எதால் வகுப்பது? சம்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யு.எஸ். நியூஸ் பார்ப்பது படிப்பை முடித்ததும் கிடைக்கும் சம்பளத்தை. ஃபைனான்ஷியல் டைம்ஸ் கேட்பது மூன்றாண்டு கழித்து வாங்கும் சம்பளத்தை; அதையும் அந்தந்த நாட்டின் வாங்கும் திறனுக்கு ஏற்ப மாற்றிவிடுகிறது. இந்தியக் கல்லூரிகளுக்கு நேரே அச்சாகும் டாலர் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தத் தொகை யாருடைய வங்கிக் கணக்கிலும் வந்து விழுந்ததில்லை.

கூட்டுப் பட்டியல் போடுவது உங்களுக்கு முன்பே நடந்த வேலைதான். 1988இல் பிசினஸ்வீக் இதழின் முதல் தரவரிசைப் பட்டியலை உருவாக்கிய ஜான் பைர்ன், பின்னாளில் போயட்ஸ் அண்ட் குவான்ட்ஸ் தளத்தைத் தொடங்கி இதைச் செய்தார். ஒரு கட்டத்தில் அதில் யு.எஸ். நியூஸுக்கு 35 விழுக்காடு, ஃபோர்ப்ஸுக்கு 25 என்று பங்கு வைத்திருந்தார். 35 என்பது அவருடைய அபிப்பிராயம். நீங்கள் மூன்றுக்கும் சமபங்கு கொடுத்தீர்களே, அதுவும் அபிப்பிராயம்தான். ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளையும் மற்றவற்றையும் அவர் தனித்தனியாக வைத்தார். அந்த நிதானம் உங்கள் தாளில் இல்லை.

உங்கள் தாளில் ஓரிடத்தில் 6, இன்னோரிடத்தில் 22 வாங்கிய கல்லூரியும், இரண்டிலும் 14 வாங்கிய கல்லூரியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. முதல் கல்லூரிக்கு ஏன் இத்தனை இடைவெளி என்பதுதான் விசாரிக்க வேண்டிய சங்கதி. சராசரி முதலில் அழிப்பதே அதைத்தான். எனவே சராசரி போட்ட கடைசிப் பத்தியை நீக்கிவிட்டு, இடைவெளி அதிகமுள்ள பெயர்களை மட்டும் வட்டமிடுங்கள்.

கொள்முதலில் இருக்கிறீர்கள். மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் உங்கள் தாளில் எங்கோ அடியில் கிடக்கிறது. சப்ளை செயின் (கொள்முதல் முதல் விநியோகம் வரையிலான சங்கிலி) படிப்புக்கென்று யு.எஸ். நியூஸ் வெளியிடும் தனிப் பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடம் அதற்குத்தான். எந்தச் சராசரியும் இதை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

இன்னொன்று. பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வேலைவாய்ப்பு அறிக்கை வெளியிடுகின்றன. அமெரிக்காவில் நிரந்தரமாக வேலை செய்யும் உரிமை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பலவற்றில் தனித்தனிக் கணக்கு இருக்கும். நீங்கள் இரண்டாவது வரியில் வருகிறவர். அதை மட்டும் படியுங்கள். அந்த எம்.பி.ஏ. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவில் சேர்க்கப்பட்டதா என்றும் கேளுங்கள். இப்போதைய விதிப்படி, சேர்ந்திருந்தால் படிப்புக்குப் பின் மூன்றாண்டு வரை அமெரிக்காவில் வேலை செய்யலாம், இல்லாவிட்டால் ஓராண்டுதான். வங்கிக் கடன் வாங்கிப் போகிறவருக்கு இந்த இரண்டாண்டு வித்தியாசத்தின் மதிப்பு எவ்வளவு என்று எக்செலில் போட்டுப் பாருங்கள். அதற்கு எக்செல் நன்றாகவே உதவும்.