மதிப்பெண் சீட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ஒரு சோதனை நடனம் பார்த்தேன். நாற்பது நிமிடமும் அந்தக் கலைஞர் நடந்தார், உட்கார்ந்தார், ஒரு நாற்காலியை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். தாளம் இல்லை, பாவம் இல்லை. முடிவில் எங்களிடம் சீட்டு கொடுத்து, பத்துக்கு எவ்வளவு என்று எழுதச் சொன்னார். எழுதியதை வாங்கிப் படிக்காமலே தரையில் பரப்பி, மிதித்தபடி வெளியேறினார். நான் மூன்று போட்டிருந்தேன். விதியே இல்லாத ஒன்றை எதைக்கொண்டு மதிப்பிடுவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. கருத்தைக் கேட்டுவிட்டு அதை மிதிப்பது எனக்கும் உவப்பில்லை. அந்தச் சீட்டுகளை அவர் உரக்கப் படித்திருக்க வேண்டும். மதிப்பிடுவதைப் பற்றிய கேள்வி அப்போது அரங்கில் இருந்த எல்லோர்மீதும் விழுந்திருக்கும், அவர்மீதும்.

ஆனால் ‘விதியே இல்லாத’ என்பதை நான் ஏற்கவில்லை. காட்சிப் பகட்டு வேண்டாம், வித்தை காட்டுவது வேண்டாம் என்று ஒவ்வொன்றாக மறுத்து அமெரிக்க நடனக் கலைஞர் இவோன் ரெய்னர் 1965இல் ஓர் அறிக்கை எழுதினார். மறு ஆண்டு நியூயார்க்கின் ஜட்சன் தேவாலயத்தில் அவருடைய ‘டிரையோ ஏ’ அரங்கேறியது. ஏறக்குறைய ஐந்து நிமிட ஆட்டம். பார்த்தால் யாரும் ஆடிவிடலாம் போலிருக்கும். ஆடப்போனால்தான் தெரியும். வந்த அசைவு மறுபடி வரக்கூடாது. எந்த இடத்திலும் நிறுத்தி அழுத்தம் கொடுக்கக்கூடாது. பார்வையாளரின் கண்ணைச் சந்திக்கவே கூடாது. உடல் அவர்கள் பக்கம் திரும்பினால் முகம் விலகியாக வேண்டும். ஓர் அழகான நிலைக்கு வந்ததும் கணநேரம் நின்று காட்டுவது பயின்ற உடலில் ஊறிப்போன பழக்கம். அதைக் கைவிட எவ்வளவு பயிற்சி வேண்டும்! பழைய விதிகள் போன இடத்தில் அவற்றைவிடக் கறாரான விதிகள் வந்து உட்கார்ந்தன. நீங்கள் பார்த்த நடனத்திலும் ஒரு விதி இருந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து, கலைஞர் அதைக் கடைசிவரை காப்பாற்றினாரா என்று பாருங்கள். காப்பாற்றவில்லை என்றால் தாராளமாகக் குறை சொல்லுங்கள்.

1957இல் இன்னொரு அமெரிக்க நடனக் கலைஞர் பால் டெய்லர் தம் நிகழ்ச்சியின் ஒரு பகுதி முழுக்க அசையாமல் நின்றார். அதற்கு நடன விமர்சகர் லூயி ஹோர்ஸ்ட் எழுதிய விமர்சனம் வெறும் வெற்றிடம், கீழே அவர் பெயரின் முதலெழுத்துகள். இன்றும் பலர் ரசித்துச் சொல்லும் செய்தி இது. எனக்கு வருத்தம்தான். அன்று மேடையில் அவர் கண்டதென்ன என்று அந்த வெற்றிடத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் ‘மூன்று’ம் எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

நாற்பது நிமிடம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். அந்த நாற்காலி எங்கிருந்து எங்கே போனது? ஒருமுறையாவது பழைய இடத்துக்கே திரும்பி வந்ததா? நினைவிருந்தால் எழுதுங்கள்.